ஏட்டில் ஏறாத வரலாறு: பேராசிரியர் நா. வானமாமலை

(முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு)

ஆரப்பாளையத்திலே பிறந்து வளர்ந்தவன் நான். தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் புறப்படும் பேருந்துகளின் இரைச்சலில் கண்விழிப்பது எங்கள் தெருவின் வழக்கம். வெளியூரார்க்கு எங்கள் பகுதி என்றால் பேருந்து நிலையம், எங்களுக்கோ புட்டுத்தோப்பு. ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் நடைபெறும் இடம் அது. வைகை பெருக்கெடுத்தது, கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான், ஆளற்ற வந்திக் கிழவிக்காக இறைவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, வேலை செய்யாமல் உறங்கிப் பிரம்படி பட்டான், அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது. மதுரைப் பிள்ளைகள் தாய்ப்பாலோடு அறிந்த கதை இது.

ஆண்டுதோறும் அந்தத் திருவிழாவுக்கு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவர் என் அப்பத்தா. எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருக்கு அந்தக் கதையில் அற்புதத்தைக் காட்டிலும் வேறொன்றே உறுத்திக்கொண்டிருந்தது. அரசன் ஏன் கூலி கொடுத்து ஆள் வைக்கவில்லை, ஆளில்லாத கிழவி என்ன செய்வாள் என்று அவர் ஏன் யோசிக்கவில்லை என்று ஆண்டுதோறும் கேட்பார். நான் சிரித்துவிடுவேன். பின்னர்ப் பள்ளியிலும் கல்லூரியிலும் பாண்டியர் வரலாறு படித்தேன். போர்கள் இருந்தன, பட்டப் பெயர்கள் இருந்தன, ஆண்டுகள் இருந்தன. அப்பத்தாவின் கேள்வி மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை. அக்கேள்வியையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட ஒருவர் நம் நாட்டில் இருந்தார் என்பதை முதுகலை வகுப்புக்கு வந்த பிறகே அறிந்தேன். அவர்தாம் நா.வா. என்று அறிஞர் உலகம் அன்போடு அழைக்கும் பேராசிரியர் நா. வானமாமலை. அவருடைய வாழ்வையும் பணியையும், அவரால் எனக்கு நேர்ந்த ஒரு மனக்கலக்கத்தையும் நம் கல்லூரி மலர் வாயிலாகத் தங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

பிறப்பும் பணியும்

நெல்லைச் சீமையில் நாங்குநேரி ஒரு பழமையான ஊர். நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளுள் ஒன்று. அங்கு எழுந்தருளியுள்ள பெருமாளின் பெயர் வானமாமலை. அவ்வூரில் 1917 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7 ஆம் நாள் பிறந்த குழந்தைக்கும் அப்பெயரே வாய்த்தது. உருசிய நாட்டில் புரட்சி நடந்து சரியாக ஒரு மாதம் கழிந்திருந்தது. பெருமாளின் பெயரைத் தாங்கிய அந்தப் பிள்ளை, பின்னாளில் அப்புரட்சி உலகெங்கும் பரப்பிய பொதுவுடைமைக் கருத்தையும் தன் வாழ்வில் ஏற்றுக்கொண்டது. ஊரின் மரபும் காலத்தின் கருத்தும் ஒருவரிடமே இவ்வாறு கூடியதுதான் நா.வா. அவர்களின் தனிச் சிறப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

படிப்பு முடித்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகச் சில காலம் பணியாற்றினார். பிறகு அவ்வேலையை விட்டார். பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டார். அதற்காகச் சிறையும் சென்றார். வயிற்றுப்பாட்டுக்குப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நடத்தினார். டுடோரியல் என்று நாம் சொல்லும் அத்தகைய இடங்களுக்கு யார் வருவார்கள் என்பது நமக்குத் தெரியும். தேர்வில் தவறியவர்கள், பள்ளியை இடையில் விட்டவர்கள், பகலில் வேலைக்குப் போய் மாலையில் படிக்க நினைப்பவர்கள் ஆகியோரே வருவார்கள். நா.வா. எந்தப் பல்கலைக்கழகத் துறைக்கும் தலைவராக இருந்தவர் அல்லர். ஆயினும் பேராசிரியர் என்னும் அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதை வழங்கியது எந்த ஆட்சிக் குழுவும் அன்று. அவரிடம் கற்றவர்களும் அவரைப் படித்தவர்களுமே வழங்கினார்கள்.

பாடல் தேடிய பணி

நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுக்கும் முயற்சி நா.வா. அவர்களோடு தொடங்கியதன்று. சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் 1871 ஆம் ஆண்டிலேயே தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். மு. அருணாசலம் அவர்களின் 'காற்றிலே மிதந்த கவிதை' 1943 இலும், கி.வா. ஜகந்நாதன் அவர்களின் 'மலையருவி' 1958 இலும் வெளிவந்தன. இந்த முன்னோடிகளுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். பாமரர் வாயிலும் கவிதை உண்டு என்று படித்தவர்களை ஒப்புக்கொள்ளச் செய்தவர்கள் அவர்களே.

நா.வா. அடுத்த படிக்கு ஏறினார். பாடல் அழகாக இருக்கிறதா என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. இதைப் பாடியவர் யார், என்ன வேலை செய்துகொண்டு பாடினார், எந்த ஊர், அந்த ஊரில் நிலம் யாரிடம் இருந்தது, பாடியவரின் துன்பத்திற்குக் காரணம் என்ன என்றெல்லாம் கேட்டார். பாடலை அவர் வரலாற்றுச் சான்றாகக் கொண்டார். கல்வெட்டு அரசன் கொடுத்த கொடையைச் சொல்லும். அந்தக் கொடை நிலத்தில் நாற்று நட்டவளின் இடுப்பு வலியைச் சொல்லாது. அதைச் சொல்வது நடவுப் பாட்டு ஒன்றுதான். ஆகவே கல்வெட்டைப் போலவே பாட்டையும் படியெடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

தோழர் ஜீவானந்தம் அவர்களின் ஊக்கமும், 'தாமரை' இதழும், கலை இலக்கியப் பெருமன்றமும் இப்பணிக்குத் துணை நின்றன. ஊர் ஊராகப் பாடல் சேகரிக்க இளைஞர் சிலர் முன்வந்தனர். எஸ்.எஸ். போத்தையா, எஸ்.எம். கார்க்கி போன்றோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். இவ்வாறு சேர்ந்த பாடல்கள் 1964 ஆம் ஆண்டில் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்னும் பெருந்தொகுதியாக வெளிவந்தன. தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடியும் மனித வாழ்வு முழுவதும் அதில் இருக்கிறது. காதலும் மணமும் உண்டு. உழவும் பஞ்சமும் உண்டு. பிழைப்புத் தேடிக் கண்டிச் சீமைக்குப் போனவர்களின் ஏக்கமும் உண்டு.

அந்நூலை நம் கல்லூரி நூலகத்தில் முதன்முதலில் புரட்டியபோது என் கண்ணை இழுத்தது பாடல்களின் அடியில் இருந்த சிறு குறிப்புகளே. வட்டார வழக்கு என்று போட்டு, பாடலில் வரும் பேச்சு வழக்குச் சொற்களுக்குப் பொருள் தந்திருந்தார்கள். அதன் கீழே சேகரித்தவர் பெயர். அதன் கீழே ஊர். பேச்சுச் சொல்லை அப்படியே பாட்டில் விட்டுவிட்டு, பொருளை மட்டும் வெளியே சொல்வது அவர்கள் முறை. அந்தக் குறிப்புகளைப் படிக்கப் படிக்க என் உள்ளங்கை வேர்த்தது. ஏன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

என் குறிப்பேடு

என் அப்பத்தா சோழவந்தான் பக்கத்து நன்செய்ப் பூமியில் பிறந்தவர். சிறு வயதிலேயே நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். தாத்தாவுக்குப் பஞ்சாலையில் வேலை கிடைத்தபின் ஆரப்பாளையத்திற்குக் குடிவந்தார். நடவு போயிற்று, பாட்டு மட்டும் போகவில்லை. அரிசி புடைக்கும்போதும், மின்சாரம் நின்ற இரவுகளில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதும் தாமாகவே முனகிக்கொண்டிருப்பார்.

இளங்கலை முதலாண்டில் எங்கள் வகுப்புக்கு நாட்டுப்புறப் பாடல் ஒன்றைத் தொகுத்து எழுதி வரும் ஒப்படைப்பு தரப்பட்டது. நான் அப்பத்தாவிடம் உட்கார்ந்தேன். மூன்று மாலைகளில் ஒரு நீண்ட நடவுப் பாட்டை அவர் பாடிக் காட்டினார். நான் எழுதினேன். எழுதும்போதே திருத்தினேன். அவர் நாத்து என்றதை நாற்று என்று எழுதினேன். வெள்ளாமை என்றதை வேளாண்மை ஆக்கினேன். கம்மாய் என்றதை ஏரி ஆக்கினேன். ஓசை தட்டிய இடங்களில் எனக்குத் தெரிந்த எதுகை மோனைகளைப் போட்டு நிரப்பினேன்.

இவையெல்லாம் போகட்டும். அந்தப் பாட்டின் நடுவில் ஒரு பகுதி இருந்தது. குத்தகை நெல்லை வாங்க ஒரு மரக்காலும், கூலி நெல்லைக் கொடுக்க ஒரு மரக்காலுமாக இரண்டு அளவைகள் வைத்திருந்த ஒரு நிலக்காரரைப் பேர் சொல்லி ஏசும் பகுதி அது. அவருடைய ஊரும் அதில் வந்தது. அது மரியாதைக் குறைவாக இருக்கிறது என்று எண்ணி நான் அப்பகுதி முழுவதையும் விட்டுவிட்டேன். அப்பத்தா கேட்டார், எழுதிவிட்டாயா என்று. எழுதிவிட்டேன் என்றேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒப்படைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. நடை தூய்மையாக உள்ளது என்று சிவப்பு மையில் பாராட்டும் கிடைத்தது.

அடுத்த தை மாதம் அப்பத்தா காலமானார். அந்தப் பேரும் ஊரும் அந்த அடிகளும் இன்று எனக்கு நினைவில்லை. வீட்டில் வேறு எவருக்கும் தெரியவில்லை. என்னிடம் இருப்பது நான் திருத்திய படி ஒன்றுதான். நா.வா. அவர்களின் நூலில் அந்தச் சிறு குறிப்புகளைப் பார்த்தபோதுதான் நான் செய்தது இன்னதென்று எனக்குப் புரிந்தது. இரண்டு மரக்கால் வைத்திருந்தவரைப் பற்றி ஒரு வேளை உலகிலிருந்த ஒரே சான்று அந்தப் பாட்டாக இருந்திருக்கலாம். அதை அழித்தது வெள்ளமும் அன்று, கறையானும் அன்று. வரலாறு படிக்க வந்த நான்.

முத்துப்பட்டன் கதை தரும் பாடம்

என் செயல் சிறியது. இதே செயல் பெரிய அளவில் நடந்ததை நா.வா. தம் ஆராய்ச்சியில் வெளிக்கொணர்ந்தார். முத்துப்பட்டன் கதையே அதற்குத் தக்க சான்று.

நெல்லைப் பகுதியில் வில்லுப்பாட்டாகப் பாடப்பெறும் கதை இது. முத்துப்பட்டன் ஓர் அந்தண இளைஞன். பாபநாசம் மலைச் சாரலில் மாடு காக்கும் வாலப்பகடையின் மக்களாகிய பொம்மக்கா, திம்மக்கா என்னும் இருவரையும் விரும்பினான். சக்கிலியர் குலத்தில் பிறந்த தன் பெண்களை மணக்க வேண்டுமானால் பூணூலையும் குடுமியையும் விட்டு, தோல் தைத்துச் செருப்புக் கட்டும் தொழிலைக் கற்று வா என்றான் தந்தை. பட்டன் அவ்வாறே செய்து அவர்களை மணந்தான். பின் மாமனாரின் மந்தையைக் கொள்ளையிட வந்தவர்களோடு பொருது, வஞ்சனையால் கொல்லப்பட்டான். மனைவியர் இருவரும் தீப்புகுந்தனர். காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயன் என்னும் தெய்வமாக இருக்கிறான். ஆடி அமாவாசைக்கு அங்கே கூடும் மக்கள் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். கோயில் வாசலில் கழற்றிவிட்டுப் போகும் பொருள் அங்கே தெய்வத்தின் முன்னே காணிக்கையாகத் தொங்குகிறது. உலகில் வேறெங்கும் இத்தகைய காட்சி எளிதில் கிடைக்குமா என்பது ஐயமே.

இக்கதையின் பல்வேறு வடிவங்களை நா.வா. ஒப்பிட்டார். பழைய வடிவங்களில் அப்பெண்கள் வாலப்பகடையின் வயிற்றுப் பிள்ளைகளே. பிற்கால வடிவங்களிலோ அவர்கள் பிறப்பால் அந்தணப் பெண்கள் என்றும், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தான் என்றும் ஒரு செய்தி நுழைந்துவிடுகிறது. கதை அழகாகத்தான் இருக்கிறது; ஆனால் அதன் உயிர் போய்விடுகிறது. குலம் மாறி மணந்ததற்காக ஒருவன் பட்ட துன்பம், குலம் மாறவே இல்லை என்று சொல்லி மூடப்படுகிறது. காத்தவராயன் கதையிலும் இத்தகைய பூச்சு உண்டு. கழுவேறிய வீரனின் பிறப்பைத் தேவலோகத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால், பூமியில் அவனைக் கழுவேற்றியவர்கள் யார் என்னும் கேள்வி மங்கிவிடும் அல்லவா?

யார் திருத்தினார்கள், எதை மறைக்கத் திருத்தினார்கள், திருத்தத்தால் யாருக்கு நன்மை என்று கேட்டார் நா.வா. திருத்தமும் ஒரு வரலாற்றுச் சான்றே என்பது அவர் கண்ட உண்மை. ஒரு சமுதாயம் எதைச் சொல்ல வெட்கப்பட்டது என்பதை அது காட்டிக் கொடுக்கிறது. கம்மாயை ஏரியாக்கிய என் வெட்கமும் அப்படித்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது.

மதுரையும் நா.வா.வும்

நெல்லையின் மகனான நா.வா. அவர்களுக்கும் நம் மதுரைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1966 இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம், 1970களின் தொடக்கத்தில் அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை வரிசையாக வெளியிட்டது. கட்டபொம்மு கதைப்பாடல், முத்துப்பட்டன் கதை, காத்தவராயன் கதைப்பாடல், கான்சாகிபு சண்டை, ஐவர் ராசாக்கள் கதை ஆகியவை அவற்றுள் அடங்கும். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் பெரிய எழுத்துப் புத்தகங்களாக விற்ற கதைகளும், வில்லுப்பாட்டுக்காரர்களிடம் ஏடுகளாகக் கிடந்தவையும், பல்கலைக்கழக வெளியீடுகளாக ஆராய்ச்சி முன்னுரையோடு வந்தது தமிழ் ஆராய்ச்சி வரலாற்றில் ஒரு திருப்பம் என்றே சொல்லலாம். தனிப்பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் ஒரு பல்கலைக்கழகம் இப்பணியை ஒப்படைத்தது அப்பல்கலைக்கழகத்திற்கும் பெருமையே.

அவற்றுள் கான்சாகிபு சண்டை எங்கள் ஆரப்பாளையத்தார்க்கு மிக அருகிலுள்ள கதை. கான்சாகிபு என்னும் யூசுப்கான், கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் உயர்ந்து மதுரையை ஆண்டவர். மருதநாயகம் என்று இன்று பலரும் அறிவர். கம்பெனிக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் அடங்க மறுத்து 1763, 1764 ஆம் ஆண்டுகளில் மதுரைக் கோட்டையில் முற்றுகையை எதிர்த்து நின்றார். இறுதியில் உடனிருந்தவர்களாலேயே காட்டிக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருடைய அடக்கத்தலம் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து மிதிவண்டியில் சிறிது நேரத்தில் போய்விடலாம். கோயிலருகே கான்சாமேட்டுத் தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தெரு வழியே எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தக் கான்சா யார் என்று நான் கேட்டதில்லை.

எஸ்.சி. ஹில் என்னும் ஆங்கிலேயர் 1914 இல் யூசுப்கானைப் பற்றி எழுதிய நூலுக்கு அவரைக் கலகக்காரத் தளபதி என்றே தலைப்பிட்டார். நாட்டுக் கதைப்பாடலோ அவரை வேறு விதமாகக் காண்கிறது. கட்டபொம்முவின் நிலையும் இதுவே. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அவரைக் கம்பெனியின் ஆவணங்கள் வரி கொடாத கொள்ளைக்காரராகக் காட்டுகின்றன. மக்களின் பாட்டு அவரை வீரராகப் போற்றுகிறது. இரண்டில் எதை நம்புவது?

இங்கேதான் நா.வா. அவர்களின் நடுநிலை தெரிகிறது. பாட்டில் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது என்று அவர் வாதிடவில்லை. பாடல்களில் ஆண்டு குழம்பும், ஆள் மாறும், கற்பனை கலக்கும் என்பதை அவர் அறிவார். ஆனால் நிகழ்ச்சியைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் ஒரு வரலாற்று உண்மையே. அந்த உண்மைக்கு ஆவணத்தைவிடப் பாட்டே சிறந்த சான்று என்றார். ஆவணத்தையும் பாட்டையும் அருகருகே வைத்துப் படி என்பதே அவர் நமக்குக் கற்பித்த முறை.

'ஆராய்ச்சி' இதழும் ஆய்வுக் குழுவும்

தனி ஒருவராக எழுதிக் குவிப்பதோடு அவர் அமையவில்லை. 1967 இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தோற்றுவித்தார். ஒருவர் கட்டுரை படிக்க, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். கல்லூரி ஆசிரியர்களும் இளைஞர்களும் ஒரே பாயில் அமர்ந்தார்கள். 1969 இல் 'ஆராய்ச்சி' என்னும் காலாண்டிதழைத் தொடங்கினார். வரலாறு, மானிடவியல், தத்துவம், இலக்கியம், நாட்டார் வழக்காறு ஆகிய துறைகளில் அரிய கட்டுரைகள் அவ்விதழில் வந்தன. கடல் கடந்த ஈழத்து அறிஞர்களும் அதில் எழுதினார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் போன்று இன்று நாம் மேற்கோள் காட்டும் ஆய்வாளர் பலர் அந்தப் பட்டறையில் உருவானவர்களே.

பிற துறைகளிலும் அவர் உழைப்பு விரிந்தது. 1966 இல் வெளிவந்த 'தமிழர் வரலாறும் பண்பாடும்' என்னும் நூலில் கட்டுரைதோறும் மன்னரைத் தாண்டி மக்களைத் தேடுகிறார். பழந்தமிழ் நூல்களில் உலகாயதக் கருத்துகள் எங்கெங்கு ஒளிந்துள்ளன என்று துருவினார். அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்று பலரும் ஐயுற்ற காலத்தில், 'தமிழில் முடியும்' என்று நூல் வழியாக வாதிட்டார். தமிழ்வழியில் பயிலும் நம்மைப் போன்றோர் இதற்காகவும் அவரை நினைத்தல் வேண்டும்.

1980 பிப்ரவரி 2 அன்று, தம் அறுபத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். நாட்டார் படைப்புகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய விளக்கங்கள் மறு ஆண்டு திருவனந்தபுரத்திலிருந்து நூலாக வெளிவந்தன. அதைக் கையில் வாங்கிப் பார்க்க அவர் இல்லை.

உக்ரைனில் ஓர் உடன்பிறப்பு

நா.வா.வைப் படித்தபோது, நூலகத்தில் வேறொரு பெயரும் என் கண்ணில் பட்டது. அவர் பிறப்பதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1817 இல், உருசியப் பேரரசில் பிறந்த மிகோலா கொஸ்தோமாரொவ் என்னும் வரலாற்றாசிரியர். தந்தை நிலக்கிழார், தாயோ அந்நிலத்தின் அடிமைக் குடிப் பெண். பெற்றோர் திருமணத்திற்கு முன்பே பிறந்தமையால், சட்டத்தின் கண்ணில் அவரும் பிறப்பால் அடிமையே. தந்தையை வீட்டு ஆட்களே கொன்றனர். இவ்விரண்டு உலகங்களுக்கும் நடுவில் வளர்ந்தவர், உக்ரைனியக் குடியானவர்களின் பாடல்களைத் தேடிப் போனதில் வியப்பில்லை.

அவர் எழுதிய முதல் ஆய்வேட்டை 1842 இல் அரசே எரித்தது. அடுத்த ஆய்வுக்கு அவர் எடுத்த பொருள், நாட்டுப் பாடல்களின் வரலாற்று மதிப்பு. உழவன் பாட்டில் ஆராய என்ன இருக்கிறது என்று பேராசிரியர் சிலர் முகஞ்சுளித்தும், அதற்கே பட்டம் பெற்றார். கீவ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அடிமை முறை ஒழியவேண்டும், சிலாவிய மக்கள் சமமாக வாழவேண்டும் என்று விரும்பிய ஒரு சிறு குழுவில் சேர்ந்தமைக்காக 1847 இல் கைதானார். ஓராண்டு கோட்டைச் சிறை. பின் சரத்தோவ் நகரில் நெடுங்காலம் கட்டாய வாசம். அவருடைய நண்பராகிய கவிஞர் தராஸ் செவ்செங்கோவைப் படைவீரனாக்கித் தொலைதூரப் பாலைக்கு அனுப்பினார்கள். விடுதலைக்குப் பின் கொஸ்தோமாரொவ் பீட்டர்ஸ்பர்க்கில் ஆசிரியரானார். கோசாக்குத் தலைவர்களையும், ஸ்தெங்கா ராசின் என்னும் கலகத் தலைவனையும் பற்றி எழுதினார். 1885 இல் மறைந்தார். அரசின் ஏட்டில் கலகக்காரன், மக்களின் பாட்டில் வீரன் என்ற அதே முரண்பாடு அங்கும் இருந்தது.

இவரை நா.வா. படித்திருந்தாரா என்பதைப் பற்றி நான் பேச வரவில்லை. மொழியும் மண்ணும் வேறாயினும், பாட்டைச் சான்றாகக் கொள்பவன் அரசுக்கு ஐயத்துக்குரியவனாகிவிடுகிறான் என்பதே நான் காட்ட விரும்பிய ஒற்றுமை. இருவரும் சிறை கண்டவர்கள். ஏழையின் பாட்டை எழுதி வைப்பதில் இத்தனை அச்சமூட்டும் பொருள் என்ன இருக்கிறது? அந்த இரண்டு மரக்கால்தான் இருக்கிறது.

குறையும் நிறையும்

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது குறையே சொல்லக்கூடாது என்பதை நா.வா. ஏற்கமாட்டார். அவருடைய தொகுதிகளில் பாட்டின் சொல் இருக்கிறது, பண் இல்லை. பாடியவரின் குரலும், கேட்டவர் சிரித்த இடமும், அழுத இடமும் தாளில் இறங்கவில்லை. பல இடங்களில் வர்க்கப் போராட்டம் என்னும் ஒரே திறவுகோலால் எல்லாப் பூட்டையும் திறக்க முயல்கிறாரோ என்று எனக்குத் தோன்றியதும் உண்டு. என் அப்பத்தா எல்லாப் பாட்டையும் துன்பத்தால் பாடவில்லை. சிலவற்றை விளையாட்டுக்காகவே பாடினார். இன்று பல்கலைக்கழகங்களில் நாட்டார் வழக்காற்றியல் தனிப்பாடமாக வளர்ந்துள்ளது. ஒலிப்பதிவும் நிகழ்படமும் கைக்கெட்டும் பொருள்களாகிவிட்டன. அவர் விட்ட இடத்தை நிரப்பக் கருவி இருக்கிறது. ஆனால் கருவி மட்டும் போதாது; என் கையில் அன்று பேனா இருந்தது, நேர்மை இல்லை.

முடிவாக

அப்பத்தாவின் தங்கை இன்னும் சோழவந்தான் பக்கத்தில் இருக்கிறார். சென்ற கோடை விடுமுறையில் அவரைப் பார்க்கப் போனேன். அந்த நடவுப் பாட்டின் தொடக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. மரக்கால் வரும் இடத்தில் அவருக்கும் நினைவு நின்றுவிட்டது. அப்படி ஏதோ ஏசுவோம் என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். கிடைத்ததை அவர் சொன்னபடியே, நாத்து என்றால் நாத்து, கம்மாய் என்றால் கம்மாய் என்று எழுதினேன். அடியில் அவர் பெயரையும் ஊரையும் குறித்தேன்.

பழைய குறிப்பேட்டை எடுத்து, நான் திருத்திய பாட்டின் கீழேயும் ஒரு குறிப்பு எழுதினேன். பாடியவர் என் அப்பத்தா, ஊர் சோழவந்தான் பக்கம், எழுதியவன் நான், இன்னின்ன சொற்களை மாற்றியவன் நான், நடுவில் ஒரு பகுதியை விட்டவனும் நானே, அதில் இரண்டு மரக்கால்களைப் பற்றிய செய்தியும் ஒரு பேரும் ஒரு ஊரும் இருந்தன. திருத்தமும் ஒரு சான்று என்று பேராசிரியர் கற்பித்திருக்கிறாரே. என் திருத்தமாவது முழுமையாகப் பதிவாகட்டும் என்று எண்ணினேன்.

மாணவத் தோழர்களே! நம் கல்லூரிக்கு உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வருகிறீர்கள். உங்கள் வீட்டுத் திண்ணைகளில் இன்னும் பாடக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் ஒரே ஒரு பாட்டை எழுதுங்கள். அவர்கள் சொன்னபடி எழுதுங்கள். யார் பாடினார், எந்த ஊர், என்ன வேலை என்று அடியில் குறியுங்கள். ஏச்சு வந்தால் ஏச்சையும் எழுதுங்கள். பேர் வந்தால் பேரையும் எழுதுங்கள். பேராசிரியப் பெருமக்கள் அத்தகைய ஒப்படைப்புகளைத் திருத்தும்போது, நாத்து என்னும் சொல்லின் மீது சிவப்பு மை படாமல் பார்த்துக்கொள்ளுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இந்த ஆவணியிலும் புட்டுத்தோப்பில் கூட்டம் கூடும். அரசன் ஏன் கூலி கொடுக்கவில்லை என்று அங்கே யாரேனும் ஒரு கிழவி கேட்கக்கூடும். இம்முறை நான் சிரிக்கப்போவதில்லை. குறிப்பேட்டோடு பக்கத்தில் நிற்பேன்.